கலைச்சொல் உதவி: 'கான்ஸ்டிடியூஷனலிசம்' தமிழில்?

குழுவினருக்கு வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அரசமைப்பு எதற்கு என்பது பாடம். அரசை உருவாக்க, அதிகாரத்தைப் பங்கிட, அந்த அதிகாரத்துக்கு எல்லை கட்ட என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஓர் ஏடு இருப்பது வேறு, ஆள்பவர் அதற்குக் கட்டுப்பட்டு நடப்பது வேறு. இரண்டாவதுக்குத்தான் சொல் தேடுகிறேன். 'அரசமைப்புவாதம்' என்றால் ஏதோ கட்சிக் கொள்கை என்று நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை குறிப்பு அச்சுக்குப் போகிறது.

---

ஐயா, அடிச்சொல்லிலேயே சிக்கல். 'அமைப்பு' என்றால் ஊர்ச் சங்கமும் அமைப்புத்தான். இலங்கையில் நாங்கள் 'அரசியல் யாப்பு' என்றும் எழுதுவோம். யாத்தல் என்றால் கட்டுதல், உடம்பை யாக்கை என்பதும் அதனால்தான். 'கான்ஸ்டிடியூஷன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் உடல்வாகு என்றொரு பொருள் உண்டு, எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்! அப்புறம் தளை, செய்யுளில் சீரைச் சீரோடு பிணைக்கும் கட்டு. கலித்தளை விரவினால் எவ்வளவு பெரிய புலவர் பாடினாலும் அது வெண்பா இல்லை. எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும் அரசு வரம்பு மீறக் கூடாது என்பதும் அதேதானே? என் பரிந்துரை 'யாப்புநெறி'.

---

தம்பி, யாப்பு என்றதும் இங்கே பிள்ளைகள் அலகிடச் சொல்வார்களோ என்று பயப்படுவார்கள். உவமையும் ஓரிடத்தில் இடிக்கிறது. வெண்பா இலக்கணத்தை ஓட்டுப் போட்டு மாற்ற முடியாது, இந்திய அரசமைப்பை 368-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் திருத்தலாம். எதுவரை என்பதுதான் கேசவானந்த பாரதி வழக்கு. 1973-இல் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் கேட்டு, 7-க்கு 6 என்று தீர்ப்பு வந்தது: திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. அந்த வரம்பு 368-இல் எழுத்தாக இல்லை. எழுதாத வரம்பையும் சேர்த்துச் சொல்ல 'வரம்பாட்சி' எப்படி? வயலில் வரப்பு பார்த்த பிள்ளைக்குச் சட்டென்று புரியும்.

---

'வரம்பாட்சி' நல்ல சொல் அம்மா, ஆனால் அதில் அரசமைப்பே இல்லையே. மன்னன் தனக்குத்தானே வரம்பு போட்டுக்கொண்டாலும் அது வரம்பாட்சிதான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், அரசமைப்பு சார்ந்த ஒழுக்கம் இயல்பாக வருவதல்ல, வளர்க்க வேண்டியது என்றார். அதற்கு 'அரசமைப்பு அறம்', நீங்கள் கேட்பதற்கு 'அரசமைப்பு நெறி' என்று பிரித்துக்கொள்ளலாம்.

---

எனக்கும் 'நெறி' சரி. 'வாதம்', 'இயம்' என்று முடியும் சொல் இரண்டும் வேண்டாம்.

---

எல்லோருக்கும் நன்றி. பலரும் சொல்வதால் 'அரசமைப்பு நெறி' என்றே போடுகிறேன். வரப்பு உவமையை வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

---

ஐயா, அச்சுக்குப் போகட்டும், ஆனால் நான் இன்னும் ஒப்பவில்லை. நெறியில் நடப்பதும் விலகுவதும் நடப்பவர் விருப்பம், தளை அப்படியில்லை. இலங்கையில் முன்பு இருந்த சோல்பரி யாப்பின் 29-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்தது. 1972-இல் புது யாப்பு எழுதியபோது அதை விட்டுவிட்டார்கள். கட்டு என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.