பழைய தமிழ் நூல்களின் பிடிஎஃப்: மின்வாசிப்பானில் பெரிய எழுத்தில் படிக்க வழி வேண்டும்

குடியாத்தத்தில் வசிக்கும் என் தந்தையாரால், கண்புரை அறுவைக்குப் பின்னும் அச்சு நூல்களின் சிற்றெழுத்தைப் படிக்க இயலாததால், இவ்வாண்டுத் தொடக்கத்தில் 6 அங்குல மின்மை (இ-இங்க்) திரை வாசிப்பான் ஒன்றை வாங்கித் தந்தேன். இபப் எனும் மின்னூல் கோப்புகளில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்க முடிகிறது. ஆனால் அவர் உயிராய்ப் போற்றும் பழைய இலக்கண உரைகள் ஸ்கேன் செய்யப்பட்ட பிடிஎஃப் படங்களாகவே கிடைப்பதால், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் திரையை இடவலமாக நகர்த்த வேண்டியிருக்கிறது.

ஓரங்களை வெட்டியும் கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பியும் பார்த்தேன், ஓரளவே பயன். காலிபர் என்னும் மின்னூல் மென்பொருளில் வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் பக்கங்கள் படங்களாகவே நிற்கின்றன. படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி எழுத்துகளாக மாற்றும் ஓசிஆர் செய்தாலோ, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள் சிதைந்துவிடுகின்றன. இலக்கண நூலில் ஓர் எழுத்து பிறழ்ந்தாலும் பொருள் மாறிவிடும் என்பதால் அதை அவரிடம் கொடுக்க மனம் வரவில்லை.

ஓசிஆர் இன்றி, பக்கப்படத்தையே சொல் சொல்லாக வெட்டிச் சிறுதிரைக்கேற்ப அடுக்கும் கே2பிடிஎஃப்ஆப்ட் மென்பொருளில், பழைய தமிழ் அச்சுக்கு எந்த அமைப்புகள் சரிவரும்?