எமர்ஜென்ஸுக்கு ஒரு சொல்: வெளிப்படலா, திரளெழுகையா, இணைவெழுகையா?

அன்பின் அண்ணா, குழுவினர் எல்லோருக்கும் வணக்கம். தனித்தனிப் பகுதிகள் எதிலும் இல்லாத ஒரு பண்பு, அவை ஒன்றுசேரும்போது தோன்றுவதையே எமர்ஜென்ஸ் (emergence) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் அண்ணா இப்படி எழுதியிருந்தீர்கள்:

> மூளையின் வலையமைப்பிலிருந்து அறிகை (சிந்தித்து அறியும் திறன்) வருவதைச் சொல்ல ‘வெளிப்படல்’ போதும். எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். மேகம் விலகினால் நிலா வெளிப்படும். அது முன்பே அங்கே இருந்தது. நரம்புக்கலம் ஒன்றோ, வந்து சேரும் சமிக்ஞைகள் ஓர் அளவைத் தாண்டினால் தானும் ஒரு துடிப்பை அனுப்பும், அவ்வளவுதான். சிந்தனை அதற்குள் ஒளிந்திருக்கவில்லை. ‘எழுச்சி’ வேண்டவே வேண்டாம். கொழும்பில் அந்தச் சொல்லைக் கேட்டால் கூட்டமும் கொடியும்தான் மனதில் வரும்.

‘திரளெழுகை’ அழகான சொல். ‘அறிகை’யோடு ஓசையும் பொருந்துகிறது. என் தயக்கம் ‘திரள்’ மீதுதான். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உண்டு. அவற்றில் கிட்டத்தட்ட 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன; பெருமூளை மேற்பட்டையில் ஏறக்குறைய 1,600 கோடிதான். திரள்வதால் மட்டும் சிந்தனை எழும் என்றால் அது சிறுமூளையில் அல்லவா குடியிருக்க வேண்டும்? சிறுமூளை இல்லாமலே பிறந்து, நடையிலும் பேச்சிலும் தடுமாறினாலும், சிந்தித்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். மேற்பட்டையில் சமிக்ஞை போன வழியே திரும்பி வந்து, மறுபடி சுற்றும். சிறுமூளையில் அது பெரும்பாலும் ஒரே திசையில் ஓடிவிடும். ஆகவே எத்தனை கலங்கள் என்பதை விட, எது எதோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதே முக்கியம்.

1982இல் பௌதிக அறிஞர் ஜோன் ஹொப்ஃபீல்ட் காட்டிய கணித வலையமைப்பும் இதையே சொல்கிறது. ஒவ்வோர் அலகுக்கும் இரண்டே நிலைகள். நினைவு பதிவது அலகுகளுக்கிடையிலான இணைப்புகளின் வலுவில். பதிந்த ஒரு கோலத்தை (pattern) சிதைத்துக் கொடுத்தாலும் வலையமைப்பு முழுக்கோலத்தை மீட்டுவிடும். அந்த நினைவு எந்த அலகில் இருக்கிறது என்று கேட்டால், எதிலும் இல்லை.

அதனால் என் முன்மொழிவு: இணைவெழுகை. பெயரடையாக ‘இணைவெழு பண்பு’ என்று வரும்.

வெள்ளவத்தையிலிருந்து,
தங்கை

---

தங்கச்சி, ‘வெளிப்படல்’ போகட்டும், விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வலிப்பு நோயாளரின் மூளையில், குறிப்பிட்ட ஒருவரின் படத்தைப் பார்த்தால் மட்டும் துடிக்கும் கலங்களை 2005இல் கண்டார்களே? அங்கே ஒரு கலமே அந்த ஆளை அறிகிறது என்று ஆகாதா?

---

அண்ணா, நல்ல கேள்வி. அந்தக் கலம் துடிப்பது உண்மை. ஆனால் கண்ணிலிருந்து அதுவரை உள்ள அடுக்குகள் விளிம்பு, வடிவம், முகம் என்று படிப்படியாகப் பிரித்தெடுத்துக் கொடுத்தால்தான் அது துடிக்கும். அந்த இணைப்புகளை அறுத்துவிட்டால் அதே கலம் யாரையும் அறியாது. ஆகவே இங்கும் இணைவெழுகைதான் பொருந்தும் என்கிறேன். போக்குவரத்து நெரிசல், பறவைக் கூட்டம் போன்றவற்றுக்கும் இச்சொல் பொருந்துமா என்று பௌதிகம் படிப்பிப்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது. பொருந்தாவிட்டால், அப்புறம் வேறு சொல் தேடுவோம்.