"போடு" எண்டார், ஆனா அந்தப் "போடு" இல்ல

கல்லடி டீச்சர்:

இவருக்குப் போன வருசம் மாசி மாசம் ஒரு பக்கம் இழுத்திட்டுது. இடக்கையும் இடக்காலும். கதை போகல்ல. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சனமெல்லாம் "வாய் தப்பிட்டுதுதானே, அதுவே பெரிய புண்ணியம்" எண்டுட்டுப் போனதுகள். நானும் அப்படித்தான் இருந்தன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு கிழமையில விளங்கிச்சு, ஏதோ போயிட்டுது. "தேத்தண்ணி போடவா?" எண்டா "போடு" எண்பார். முந்தியெல்லாம் அந்த ஒரு சொல்லுலயே பசியா, அலுப்பா, பகிடியா, ராத்திரிச் சண்டை இன்னும் முடியல்லயா எண்டு குசினிக்குள்ள நிண்டே எனக்குத் தெரியும். இப்ப பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கு. பேத்தி கேட்டே விட்டாள், "அப்பப்பா, என்னோட கோவமா?" "இல்ல" எண்டார், அதே குரல்ல. புள்ள அழுதுட்டு ஓடிட்டாள்.

உண்மையச் சொன்னா எனக்கும் கோவம்தான். நான் படுற பாட்டுக்கு ஒரு அன்பான சொல்லு இல்லையே எண்டு.

மறுகா ஒரு நாள் மீன்காரத் தம்பி படலையடியில சைக்கிள நிப்பாட்டினான். சூடை விலை கூட எண்டு இவர் சொல்ல, அவன் வழமையான இழுவையில, "ஓ...ம் ஐயா, உங்களுக்குச் சும்மாவே தாறன், எடுங்க!" எண்டான். இவர் சட்டிய நீட்டிட்டார். அவன் சிரிச்சான். சட்டி நீட்டினபடியே நிண்டுது. அவன்ட சிரிப்பு மெல்ல அடங்கி, என்னைப் பார்த்தான். எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. இவருக்குக் குரல்ல ராகம் போட முடியாமப் போனது மட்டுமில்ல, மற்றாக்கள்ட ராகமும் கேக்குதில்ல. காதுல ஒரு குறையும் இல்ல.

வேற ஆருக்கும் இப்படி நடந்திருக்கா?

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி (பேச்சுச் சிகிச்சை):

டீச்சர், இடப்பக்கம் இழுத்ததெண்டா அடிபட்டது மூளையின்ர வலப்பக்கம். 1861ல பிரெஞ்சு டொக்டர் ப்ரோகா, பேச்சு இழந்த ஒராள்ட மூளையில இடது முன்பக்கம் பழுதானதைக் காட்டினார். அந்த நாளிலயிருந்து பேச்செண்டா இடப்பக்கம் எண்டுதான் பேச்சு. சொல்லும் இலக்கணமும் பெரும்பாலான ஆக்களுக்கு அங்கதான். ஆனா குரலின்ர ஏற்ற இறக்கத்துல கோவத்தையும் பகிடியையும் பிடிக்கிறதுக்கும், அப்படிக் கதைக்கிறதுக்கும் வலப்பக்கம்தான் கூட வேணும்.

1979ல ரொஸ், மெசுலம் எண்ட ரெண்டு டொக்டர்மார் வலப்பக்கம் அடிபட்ட ரெண்டு பேரைப் பற்றி எழுதினாங்க. அதுல ஒராள் உங்களைப் போல டீச்சர். பாடமெல்லாம் ஞாபகம் இருந்துது, வகுப்பை மட்டும் அடக்க முடியல்ல. அதட்டினாலும் குரல்ல அதட்டல் வராது. ரொஸ் பிறகு இதுக்கு அப்ரோசோடியா எண்டு பேர் வைச்சார். சில பேருக்குக் காட்டுறது மட்டும் போகும், சில பேருக்கு விளங்குறது மட்டும். ஐயாவுக்கு ரெண்டும் போல இருக்கு.

காதுக்கு நேர உள்ளுக்க இருக்கிற மூளை மடிப்புல சுருதிய மட்டும் பின்தொடர்ற இடங்கள் இருக்கு. வலிப்புக்குச் சத்திரசிகிச்சை செய்த ஆக்கள்ட மூளை மேல மின்வாய் வைச்சு, 2017ல சான் பிரான்சிஸ்கோவுல அதைக் காட்டினாங்க. என்ன வசனம், ஆர் சொன்னது எண்டு அந்த இடங்கள் பார்க்கிறதில்ல. கதைக்கிற ஆள்ட வழமையான குரலுக்கு இது மேலயா கீழயா எண்டுதான் பார்க்குது. உங்கட பேத்தின்ர கீச்சுக் குரலையும் மீன்காரர்ட கட்டைக் குரலையும் ஒரே முழக்கோலால அளக்கிறதில்ல.

ஒண்டு செய்து பாருங்க. ராகத்துல வாறதைச் சொல்லுல கொண்டு வாங்க. "நான் பகிடிக்குச் சொல்றன்" எண்டு நீங்க வாய் திறந்து சொல்லுங்க. அவரையும் சொல்ல வையுங்க.

அக்கரைப்பற்று உம்மா:

டீச்சர், வாசிச்சிட்டு நெஞ்சு அடைச்சிட்டு. மகன் கட்டார்ல. போன நோன்புக்குள்ள கோல் எடுத்து "உம்மா, நல்லா இரிக்கன்" எண்டான். அந்த "உம்மா"வுலயே பிடிச்சிட்டன். வாப்பா சொன்னாரு உனக்குப் பிரமை எண்டு. மூணாம் நாள்தான் கை உடைஞ்சு கட்டுப் போட்ட கதை வந்திச்சு.

எங்கட சின்னவள் விஞ்ஞானம் படிக்கிறவள். அவள் சொல்றதைக் கேட்டா இன்னும் புதினம். பழைய சாதாரண போன் லைன் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழ உள்ள சத்தத்தை விடுறதே இல்லையாம். ஆம்பிளைக் குரலின்ர அடிச் சுருதி 120க்குக் கிட்ட. அப்ப அது வந்து சேரவே மாட்டாது. மேல வாற துணைச் சத்தங்களை வைச்சு மூளைதான் அடிச் சுருதியக் கட்டி எடுக்குதாம்! ஆனா வட்ஸ்அப்புல "ஓம்" எண்டு எழுதி அனுப்பினா எனக்கு ஒண்டும் விளங்காது. வொய்ஸ் போடு எண்டு ஏசுறன்.

திருக்கோவில் பொடியன்:

நான் மறுபக்கம் சொல்றன். மூளைக்குப் பிழையும் வரும். அம்பாறைக் கச்சேரிக்குப் போற பஸ்ல ஒரு சிங்கள ஆச்சி என்னைப் பார்த்துக் கத்தினா. எனக்கு ரெண்டு சொல்லுக்கு மேல சிங்களம் தெரியாது. சீட்டுக்குத்தான் ஏசுறா எண்டு முறைச்சிட்டு எழும்பினன். கண்டக்டர் சொன்னார், "பர்ஸ் விழப் போகுதாம் தம்பி."

2001ல ஒரு ஆய்வு வந்துது. ஜெர்மன் நடிகர்கள் அர்த்தமில்லாத வசனங்களைக் கோவமா, பயமாச் சொல்ல, 9 நாட்டு ஆக்கள் கேட்டுச் சொன்னதுல மூண்டுல ரெண்டு பங்குதான் சரி. மொழி தூரமாப் போகப் போகப் பிழை கூடிச்சாம். அவ்வளவு ஏன், எங்கட அத்தான் யாழ்ப்பாணம். அம்மா அக்காவைப் பார்த்து "என்னகா செய்றாய்?" எண்டாலே சண்டை தொடங்கிட்டுது எண்டு முதல் வருசம் முழுக்கப் பதறினவர்.

கல்லடி டீச்சர்:

தங்கச்சி, நீங்க சொன்னதைச் செய்தன். முதல் நாள் எனக்கே வெக்கமா இருந்திச்சு, நாடகம் போல. பேத்திக்குச் சொல்லிக் குடுத்தம், அப்பப்பாக்கிட்ட "சிரிக்கிறீங்களா?" எண்டு கேள் எண்டு. "சிரிக்கிறன்" எண்பார், முகம் அப்படியே இருக்கும். அவளுக்கு அது இப்ப ஒரு விளையாட்டு.

இண்டைக்குக் காலையில தேத்தண்ணியக் குடுத்தன். ஒரு வாய் குடிச்சிட்டு, அறிவிப்பு மாதிரியே சொன்னார்: "சீனி காணாது. இது கோவம்."