மறு: ப்ரோபேட் கோர்ட் – தமிழில் ஒரு சொல் போதுமா?

அன்பு நண்பர்களே,

அமெரிக்காவில் இறந்தவரின் உயிலையும் சொத்தையும் கவனிக்கும் ப்ரோபேட் கோர்ட்டுக்குத் தமிழில் என்ன சொல் என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். உயில் நீதிமன்றம், மெய்ப்பு மன்றம், மரபுரிமை நீதிமன்றம் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ப்ரோபேட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்சியும் இருக்கிறது. நான் நியூஜெர்சியில் வசிக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக, கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு) நீதிமன்றங்களில் இறந்தவர் சொத்து தொடர்பான ஆவணங்களைத் தேடி எடுப்பது பற்றி ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் இந்தச் சொல் எனக்கு உடனடித் தேவை. சற்று நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> உயில் நீதிமன்றம் என்றால் யாருக்கும் புரியும். இதற்கு மேல் ஏன் யோசிக்க வேண்டும்?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். யாரோ அந்த அம்மாவிடம் "உயில் கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். "நம்மிடம் உயிலே இல்லையே, அங்கே நமக்கு என்ன வேலை" என்று நாலு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார். வங்கிக் கணக்கு, கார், வீடு எல்லாம் கணவர் பெயரிலேயே நின்றன. உயில் இல்லாதவர்களும் போக வேண்டிய இடம் அதுதான் என்று சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. ஒரு சொல் ஆளைக் கதவு வரை கொண்டுபோக வேண்டும், வாசலிலேயே திருப்பி அனுப்பக் கூடாது.

இன்னொரு உதாரணம் ஊரறிந்தது. ஆபிரகாம் லிங்கன் வக்கீலாகத் தொழில் செய்தவர். 1865-இல் கொல்லப்பட்டபோது அவருக்கு உயில் கிடையாது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் சங்கமன் கவுண்டி நீதிமன்றத்தில்தான் அவருடைய சொத்து விவகாரம் நடந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் டேவிஸ் நிர்வாகியாக இருந்து கணக்கு முடித்தார். சுமார் 1,10,000 டாலர், மனைவிக்கும் இரண்டு மகன்களுக்கும் மூன்று பங்காகப் போனது. இதை 'உயில் நீதிமன்ற ஆவணம்' என்று தமிழில் எழுதினால் இல்லாத உயிலை வாசகர் தேடிக்கொண்டிருப்பார்.

சிக்கல் ஆங்கிலச் சொல்லிலேயே இருக்கிறது. ப்ரோபேட் என்பதற்கு வேர், நிரூபிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினை. உயில் உண்மையானது என்று நீதிமன்றத்தில் காட்டி ஒப்புதல் வாங்குவதுதான் அதன் முதல் பொருள். நாளடைவில், இறந்தவரின் சொத்தைக் கணக்கெடுப்பது, கடனை அடைப்பது, மீதியைப் பிரித்துக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல் பரவிவிட்டது. பல மாநிலங்களில் மைனர் பிள்ளைகளுக்குக் காப்பாளர் நியமிப்பதும் அதே நீதிமன்றத்தின் வேலைதான். ஆங்கிலம் ஒரு சொல்லை இழுத்துப் பயன்படுத்துகிறது என்பதற்காக நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டியதில்லை. நமக்கு இரண்டு சொற்கள் தேவை.

முதல் வேலைக்கு 'உயில் மெய்ப்பு' நல்ல சொல். அச்சகத்தில் பிழை திருத்தும் மெய்ப்போடு குழம்பும் என்றார் ஒரு நண்பர். 'உயில்' முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. மெய்ப்பித்தார், மெய்ப்பிக்கப்பட்ட உயில், மெய்ப்பிக்க வந்த சாட்சி என்று வினையாகவும் தடையில்லாமல் ஓடுகிறது. வினையாக ஓடாத கலைச்சொல் அகராதியோடு நின்றுவிடும். நியூஜெர்சியில் ஒருவர் இறந்து பத்து நாள் கழியாமல் அவருடைய உயிலை மெய்ப்பிக்க முடியாது. இந்த வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன், எங்கும் முட்டவில்லை.

இரண்டாவதுதான் கடினம்.

'மரபுரிமை' என்றால் இன்று பழைய கோயிலும் கோட்டையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இலங்கையில் அந்தப் பொருள் இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. 'வாரிசுரிமை' எளிய சொல், ஆனால் தமிழ்நாட்டு வாசகருக்கு உடனே தாசில்தார் அலுவலகமும் வாரிசுச் சான்றிதழும் ஞாபகம் வரும். 'இறங்குரிமை' சட்டத் தமிழில் வழங்கும் சொல், மதிக்கிறேன். ஆனால் அதுவும் வாரிசின் பக்கத்திலிருந்தே பார்க்கிறது. அந்த நீதிமன்றக் கோப்பில் வாரிசு மட்டுமா இருக்கிறார்? மருத்துவருக்குப் பாக்கி, சவப்பெட்டி செய்தவருக்குக் கூலி, பிணை நின்ற பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து என்று ஒரு ஊரே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஒருவர் விட்டுச் சென்ற சொத்து. அதனால் என் பரிந்துரை: விடுசொத்து. சுடுசோறு, ஊறுகாய் போல வினைத்தொகை. உயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். விடுசொத்து மன்றம், விடுசொத்து நிர்வாகி, விடுசொத்துக் கட்டு என்று அடுத்த சொற்களையும் ஈனும்.

'கட்டு' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். நம் ஊர் நீதிமன்றங்களில் வழக்குக் கட்டு என்று சொல்கிறோம் அல்லவா, அதேதான். இங்கே தேடப் போகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கவுண்டி எழுத்தர் உயிலைப் பார்த்து ஒரு பெரிய புத்தகத்தில் படியெடுத்து வைப்பார். அது உயில் பதிவேடு. அதன் படத்தைக் கணினியில் பார்த்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். மூல உயில், மனு, பிணைமுறி, சொத்து விவரப் பட்டியல், வரவு செலவுக் கணக்கு, பங்கீட்டு உத்தரவு எல்லாம் தனித்தாள்களாக இன்னொரு உறையிலோ பெட்டியிலோ கிடக்கும். பெயர் அட்டவணையில் இறந்தவர் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, "இந்த எண்ணுக்குரிய முழுக் கட்டும் வேண்டும்" என்று கேட்க வேண்டும். பதிவேடு, கட்டு இரண்டையும் தமிழில் 'ஆவணம்' என்றே எழுதினால் இந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

அந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது மனம் கனத்துப்போகும். தென் மாநிலங்களில் 1865-க்கு முந்தைய பட்டியல்களில் மாடு, கலப்பை, கட்டில் என்று வரும் வரிகளுக்கு நடுவே மனிதர்களின் பெயர்கள் விலையோடு எழுதப்பட்டிருக்கும். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் வழிவந்தோர் தங்கள் முன்னோரின் பெயரை முதன்முதலில் காண்பது பல நேரங்களில் அந்த வரியில்தான். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்குகளின் அடிமைப் பட்டியல்களில் பெரும்பாலும் வயதும் பாலும் மட்டுமே உண்டு, பெயர் இல்லை. ஆகவே பட்டியல் என்ற சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

> சர்ரோகேட்ஸ் கோர்ட், ஆர்ஃபன்ஸ் கோர்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகத் தமிழாக்கம் வேண்டாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே வேலைக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு பெயர், அவ்வளவுதான். நியூயார்க்கில் சர்ரோகேட்ஸ் கோர்ட். நியூஜெர்சியில் 21 கவுண்டிக்கும் ஒவ்வொரு சர்ரோகேட் அலுவலகம். பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் ஆர்ஃபன்ஸ் கோர்ட், கூடவே ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ் என்ற அலுவலர். கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட்டின் ஒரு பிரிவு. டெக்சாஸில் ஆவணம் கவுண்டி கிளர்க்கிடம் இருக்கும். வர்ஜீனியாவில் சர்க்யூட் கோர்ட் எழுத்தரிடம் கேட்க வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் தன் கைப்பட எழுதிய உயில் இன்றும் அங்கே ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நீதிமன்றத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. லூசியானாவில் கவுண்டியே கிடையாது, பாரிஷ்தான். ரோட் ஐலண்டில் ஊர்வாரியாக நடக்கிறது. சர்ரோகேட் என்றதும் வாடகைத்தாய் என்றும், ஆர்ஃபன் என்றதும் அனாதை இல்லம் என்றும் எழுதிவைத்தால் படிப்பவர் எங்கே போய் நிற்பார்? எல்லாவற்றையும் தமிழில் விடுசொத்து மன்றம் என்போம். உள்ளூர்ப் பெயரை ஒலிபெயர்ப்பாகப் பக்கத்தில் கொடுப்போம், ஏனென்றால் அலுவலகப் பலகையில் அந்தப் பெயர்தான் இருக்கும்.

கவுண்டியையும் அப்படியே வைப்பதே நல்லது. மாவட்டம் என்றால் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டோடு குழம்பும், அது வேறு நீதிமன்றம். கடன் சொல் தீட்டு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். உயில் என்பதே 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லின் தமிழ் உருவம், முன்னால் ஒரு உகரம் போட்டு நம் சொல்லாக்கிக்கொண்டோம். மற்றது, யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். எத்தனையோ மருத்துவக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கித் தந்தவர், வேதியியல் நூலுக்கு மட்டும் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். எது தமிழில் வர வேண்டும், எது ஒலியோடு வரலாம் என்று அவர் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

கிறீன் 1884-இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் காலமானார். அவருடைய விடுசொத்துக் கட்டைத் தேட விரும்புபவர் முதலில் தட்ட வேண்டிய கதவு வூஸ்டர் கவுண்டி. எங்கே பிறந்தார், எங்கே பெயர் பெற்றார் என்பதெல்லாம் பிறகு. சாகும்போது எந்தக் கவுண்டியில் குடியிருந்தார் என்பதே முதல் கேள்வி. வேறு மாநிலத்தில் நிலம் இருந்தால் அங்கேயும் ஒரு துணைக் கட்டு இருக்கக்கூடும். அவருடைய முன்னோரைத் தேடிப் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். வூஸ்டர் கவுண்டி உருவானது 1731-இல். அதற்கு முன் அந்தப் பகுதியில் இறந்தவருக்கு மிடில்செக்ஸ், சஃபோக் போன்ற தாய்க் கவுண்டிகளில் தேட வேண்டும். இந்தத் 'தாய்க் கவுண்டி' என்ற சொல் தாய்க்கிராமம் போல இயல்பாக வந்துவிட்டது, யாருக்கும் மறுப்பிருக்காது என்று நம்புகிறேன்.

எரிந்துபோனவையும் உண்டு. 1871 சிகாகோ தீயில் குக் கவுண்டி நீதிமன்ற ஆவணங்கள் சாம்பலாயின. 1906-இல் சான்பிரான்சிஸ்கோவிலும் அப்படியே. அந்த இடங்களில் பத்திரப்பதிவையும் நாளிதழையும் வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டும். தத்தெடுப்புக் கோப்புகள் பொதுவாக முத்திரையிட்டு மூடப்பட்டிருக்கும். உயிரோடு இருக்கும்போதே ட்ரஸ்டில் போட்ட சொத்து மன்றத்துக்கே வராது.

சரி, ஒரு சொல்லில் மட்டும் எனக்கு இன்னும் பிடி கிடைக்கவில்லை. நிர்வாகிக்கு நீதிமன்றம் கொடுக்கும் 'லெட்டர்ஸ்'. நிர்வாகக் கடிதம் என்று எழுதியிருக்கிறேன். திருப்தியில்லை. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி அக்கா சொன்னால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
நியூஜெர்சியிலிருந்து

---

வணக்கம் தம்பி,

விடுசொத்து எனக்குப் பிடித்துக்கொண்டது. கேட்டவுடன் விடுவிக்கப்பட்ட சொத்து என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நிர்வாகி, கட்டு என்ற சொற்களோடு சேர்ந்து வரும்போது அந்த ஐயம் தீர்ந்துவிடும். மெய்ப்பு பற்றி ஒன்று: நாங்கள் நீதிமன்றத்தில் 'எண்பித்தல்' என்றே எழுதிப் பழகியவர்கள். தமிழ்நாட்டாருக்கு அது புதிதாக இருக்கும் என்பதும் தெரியும். ஆகவே உயில் மெய்ப்பு என்று எழுதி, பக்கத்தில் ஒருமுறை எண்பிப்பு என்றும் போட்டுவிடுங்கோ. இலங்கை வாசகர் தங்கள் சொல்லைக் கண்டுகொள்வார்கள்.

'கடிதம்' வேண்டாம். என்னிடம் வரும் வயதானவர்கள் கடிதம் என்றால் தபாலில் வரும் என்று காத்திருப்பார்கள். வங்கியில் காட்டி அதிகாரத்தை நிறுவும் தாள் அது. அதிகாரப் பத்திரம் என்றால் கையில் வைத்திருக்க வேண்டியது என்று விளங்கும். சான்றிட்ட நகல்கள் பலவாக வாங்கச் சொல்லியும் கையேட்டில் எழுதுங்கோ. ஒவ்வொரு வங்கியும் ஒன்று கேட்கும்.

---

அக்கா, மிக்க நன்றி. கடிதம் என்று எழுதிய இடங்களையெல்லாம் அதிகாரப் பத்திரம் என்று மாற்றிவிட்டேன். அந்தத் தெருக்கோடி அம்மாவிடம் அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். "விடுசொத்து மன்றத்தில் நிர்வாகியாகி அதிகாரப் பத்திரம் வாங்க வேண்டும்" என்ற வரியை ஒருமுறை வாசித்துவிட்டு, "இதைத்தானே அன்றைக்கு நான் செய்தேன்" என்றார்.