புதுப்பிப்பு: 1.2 கி.மீ. கேபிளில் 4-20 மில்லிஆம்பியர் சிக்னல் 18.3-க்கு மேல் ஏறாத பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தொட்டியின் மட்டத்தை அளக்கும் சென்சார் (டிரான்ஸ்மிட்டர்) அதைக் கேபிள் வழியே மின்னோட்டமாக அனுப்புகிறது: காலி என்றால் 4 மில்லிஆம்பியர், நிரம்பினால் 20. தொட்டி முழுதாக நிரம்பினாலும் அளவு 89 சதவீதத்திலேயே நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். சென்சாரை மாற்றச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் சென்சாரில் கோளாறு இல்லை.

"20 மில்லிஆம்பியரில் வோல்டேஜ் கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்ற யோசனைதான் வழிகாட்டியது. கேபிளின் மறுமுனையை ஷார்ட் செய்து அளந்தேன்: போக வர 90 ஓம். சிக்னலை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சி-யில் 250 ஓம் ரெசிஸ்டர், அதோடு தொடராக இருந்த ரெக்கார்டரில் இன்னொரு 250. ஆக 590 ஓம், 20 மில்லிஆம்பியரில் 11.8 வோல்ட் அதிலேயே போய்விடும். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 12 வோல்ட் வேண்டும். 24 வோல்ட் சப்ளை இருந்தால் தட்டுத்தடுமாறியாவது ஓடியிருக்கும். மீட்டரை வைத்தால் 22.8 வோல்ட்தான்! இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. அதில் டிரான்ஸ்மிட்டரின் 12 போக மீதி 10.8 வோல்ட்டை 590-ஆல் வகுத்தால் அதே 18.3 மில்லிஆம்பியர்.

ரெக்கார்டரின் ரெசிஸ்டரை 100 ஓமாக மாற்றினேன். அதன் உள்ளீட்டு வரம்பையும் 0.4-2 வோல்ட் என்று மாற்ற வேண்டும், மறந்தால் அளவு தப்பாகக் காட்டும். இப்போது 20 மில்லிஆம்பியரில் டிரான்ஸ்மிட்டர் முனையில் 14 வோல்ட் இருக்கிறது, தொட்டி நிரம்பினால் 100 சதவீதம் காட்டுகிறது.

அப்புறம், அளவு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கேபிளின் ஷீல்டு (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) இரண்டு பக்கமும் எர்த் ஆகியிருந்தது. சென்சார் பக்கம் கழற்றியதும் நின்றுவிட்டது.