சோயா மெழுகுதிரிக்கு எந்த சைஸ் திரி? சின்னது போட்டா நடுவுல குழி, பெருசு போட்டா கரி

நானுஓயா_பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். நானும் அக்காவும் வீட்டுலயே சோயா மெழுகுதிரி ஊத்துறோம், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வாற ஆக்களுக்கு விக்கிறதுதான் பிளேன், கொழும்புலயும் ஒரு கடையில சாம்பிள் கேட்டிருக்காங்க. மெழுகு கோல்டன் பிராண்ட்ஸ் 464. கிளாஸ் நேரான கிளாஸ், உள்விட்டம் 7.5 சென்டிமீட்டர், 200 கிராம் மெழுகு புடிக்கும். வாசத்துக்கு கறுவாவும் லெமன்கிராஸும் கலந்த ஃப்ரேக்ரன்ஸ் ஒயில், 8 சதவீதம் போடுறோம்.

திரி சிடி வகை, நம்பர் கூடக்கூட திரி பெருசு. சிடி 10 போட்டா 3 மணித்தியாலம் எரிஞ்சும் மெல்ட் பூல், அதான் சுடர சுத்தி உருகி நிக்கிற மெழுகு, ஓரத்துக்கு போகுதில்ல, சுத்தி ஒரு விரல் தடிப்புக்கு மெழுகு அப்படியே நிக்குது, திரும்ப கொளுத்தினா நடுவுல இன்னும் ஆழமா இறங்குது. சிடி 16 போட்டா கெதியா ஓரம் வரைக்கும் உருகிடுது ஆனா சுடர் நின்ன இடத்துல நிக்காம ஆடுது, கிளாஸ் வாயில கரி படியுது, திரி முனையில கறுப்பா உருண்டை கட்டுது.

ரெண்டுக்கும் நடுவுல எதை எடுக்கிறது? எத வச்சு முடிவு பண்ணுறது? இன்னொண்டு, பக்கத்து வீட்டு பெரியம்மா கோயில் விளக்குத் திரிய முறுக்கி போட்டு பாருங்கன்னு சொல்றாங்க, திரி வெளிநாட்டுலருந்து வாறதால விலையும் கூட, அதனால கேக்கிறேன், அது சரிவருமா? மரத் திரி பாவிச்ச ஆக்களும் சொல்லுங்க.

பண்டாரவளை_மெழுகு:

தங்கச்சி, ஊத்தி எத்தனை நாள் கழிச்சு கொளுத்திப் பாக்குறீங்கன்னு சொல்லல்ல. சோயா அடுத்த நாளே கட்டியா தெரியும், ஆனா உள்ள படிகம் கட்டுறது நடந்துக்கிட்டே இருக்கும், நாள் போகப்போக மெழுகு இன்னும் இறுகும். அடுத்த நாள் கொளுத்தி நல்லா எரியுதுன்னு ஒரு திரிய எடுத்துட்டா ரெண்டு வாரம் கழிச்சு கஸ்டமர் கொளுத்துறப்போ அதே திரி பத்தாம போகும். குறைஞ்சது 1 வாரம், 2 வாரம் விட்டா நல்லம். டெஸ்ட் பண்ணுறதே அதுக்குப் பிறகுதான்.

இப்ப சைஸ். விக்கிற ஆக்கள் குடுக்கிற சார்ட் கிளாஸ் உள்விட்டத்த வச்சு போட்டது, அது ஆரம்பிக்க ஒரு இடம், அவ்வளவுதான். உங்க கிளாஸுக்கு 12உம் 14உம் எடுங்க. ஒரே மெழுகு, ஒரே நாள் ஊத்தினது, ஒரே அளவு ஒயில், ஒரே கிளாஸ், திரி மட்டும் வேற. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைக்காம கொஞ்சம் தள்ளி வச்சு, காத்து அடிக்காத இடத்துல 4 மணித்தியாலம் எரிக்கிறது, அணைச்சு முழுசா ஆற விடுறது, திரிய 6 மில்லிமீட்டருக்கு வெட்டுறது, திரும்ப 4 மணித்தியாலம். இப்படி அடி வரைக்கும் போகணும். ஒவ்வொரு தடவையும் மெல்ட் பூல் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், சுடர் எவ்வளவு உயரம், கரி இருக்கா, கிளாஸ் எவ்வளவு சுடுதுன்னு எழுதி வைங்க, எழுதாட்டி நாலு கிளாஸுக்குப் பிறகு எது எதுன்னு ஒண்டும் விளங்காது.

ரொம்ப பேர் விடுற இடம் இதுதான், மொதல் தடவை கொளுத்தினப்போ ஓரம் வரைக்கும் உருகல்லன்னு உடனே பெரிய திரிக்கு மாறிடுறாங்க. மேல மெழுகு இருக்கிறப்போ சுடர் கிளாஸ் வாய்க்கு கிட்ட நிக்குது, சூடு வெளிய போயிடும். மெழுகு பாதிக்கு கீழ இறங்கினதும் சுத்தி கிளாஸ் மறைச்சிடும், சூடு உள்ளயே தங்கும், ஓரத்துல ஒட்டி நின்ன மெழுகெல்லாம் தானா உருகி இறங்கும். அதனால மொதல் ரெண்டு தடவை ஓரத்துல சில மில்லிமீட்டர் மெழுகு மிஞ்சி நிக்கிறது சோயாவுல நல்ல அடையாளம். மொதல் தடவையே ஒன்றரை மணித்தியாலத்துல முழுசா உருகுற திரி அடிக்கு போறப்போ கிளாஸ கையில தூக்க ஏலாத அளவு சுடும், வெடிக்கவும் கூடும். உங்க சிடி 16 அந்தக் கேஸ்தான். பூல் ஆழம் 6லருந்து 12 மில்லிமீட்டருக்குள்ள நிக்கணும், அதுக்கு மேல போனா திரி பெருசு.

ஆனா ஒரு விரல் தடிப்பு மிஞ்சுறது அளவுக்கு மிஞ்சினது, சிடி 10 அந்தக் கிளாஸுக்கு சின்னது.

இன்னொண்டு, இகோன்னு வேற ஒரு திரி வகை இருக்கு, சிடி 12ம் இகோ 12ம் ஒரே அளவு இல்ல. ஒவ்வொரு வகைக்கும் நம்பர் வேற கணக்கு, நம்பர பாத்து மாத்தி வாங்கிடாதீங்க.

ஹட்டன்_ரவி_இல்ல:

மரத் திரி அழகு, சடசடன்னு சத்தமும் வரும், நான் பாவிக்கிறேன். 3லருந்து 5 மில்லிமீட்டருக்கு வெட்டணும், கரிஞ்சத தட்டி எடுக்காட்டி திரும்ப கொளுத்தவே ஏலாது, கொளுத்தினாலும் ரெண்டு நிமிஷத்துல அணைஞ்சிடும். வீட்டுக்கு நல்லம். விக்கிறதுன்னா வாங்குறவங்க அதெல்லாம் செய்வாங்களான்னு யோசிங்க.

கண்டி_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

கோயில் திரி கேள்விக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா அதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. விளக்குத் திரி சாய்ஞ்சு எண்ணெய்க்குள்ள கிடக்குது, நல்லெண்ணெய் எப்பவும் தண்ணியா இருக்கு, பஞ்சு எப்படி இருந்தாலும் ஏறிடும், முனை கரிஞ்சா நாங்களே தூண்டி விடுறோம். மெழுகுதிரியில தூண்டி விட ஆளில்ல. சுடர் தானே மெழுகை உருக்கி, உருகினது திரியில ஏறி, ஆவியாகி எரியணும், எரியுறது அந்த ஆவிதான். ஏறுற அளவும் உருகுற அளவும் ஒத்துப் போகணும். கூட ஏறினா எரிஞ்சு முடியாத கார்பன் மிஞ்சும், அதுதான் உங்க உருண்டையும் கரியும். குப்பி விளக்குல திரிய கூட ஏத்தினா புகை கக்குமே, அதே கதைதான். குறைய ஏறினா சுடர் சின்னதாகி உருகின மெழுகுக்குள்ளயே மூழ்கிடும்.

முறுக்கின பஞ்சு நேரா நிக்கும், கரிஞ்ச முனை சுடருக்குள்ளயே தங்கும். பின்னின திரி எரியுறப்போ வளைஞ்சு சுடரோட ஓரத்துக்கு வரும், சூடு கூடின இடம், காத்தும் கிடைக்குது, முனை அங்க சாம்பலாகி தானா குறைஞ்சிடும். இந்தப் பின்னல் திரி 1820கள்ல பிரான்ஸ்ல வந்தது, அதுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தினா அடிக்கடி முனைய வெட்டிக்கிட்டே இருக்கணும். சிடி வகையில பருத்தியோட கடதாசி நூலும் சேர்த்து பின்னியிருக்கும், அதனாலதான் சோயா மாதிரி கொழகொழப்பான மெழுகை நல்லா இழுக்குது. கடையில விக்கிற வெள்ளை மெழுகுதிரியில இருந்து திரிய உருவி போடலாமான்னும் சில பேர் கேக்கிறாங்க, அது மெல்லிசான பரஃபின் மெழுகுதிரிக்கு அளந்த நூல், சோயாவுல மூழ்கிடும்.

பெரியம்மா சொன்னதுல தப்பில்ல, அவங்க சொல்றது எண்ணெய்க்கு சரி. காசு குடுத்து வாங்குறவங்க வீட்டுல எரியப்போற சாமானுக்கு பின்னின திரியே போடுங்க, சரியா?

நானுஓயா_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. ஊத்தி 3 நாளுல கொளுத்துறோம் அக்கா, அப்ப 2 வாரம் வைக்கிறோம். 12உம் 14உம் ஓடர் போட்டாச்சு. ஒரு சந்தேகம், இங்க சரியான குளிர், ராவுல ஜன்னல மூடினாலும் ரூம் சில்லுன்னுதான் இருக்கும். இங்க டெஸ்ட் பண்ணி எடுத்த திரி கொழும்புல சரியா எரியுமா?

பண்டாரவளை_மெழுகு:

நல்ல கேள்வி, இதைத்தான் சொல்ல வந்தேன். நுவரெலியாவுல சராசரி 16 பாகை, கொழும்புல 27, 28. குளிர் ரூம்ல கிளாஸே சூட்ட உறிஞ்சிடும், ஓரத்து மெழுகு உருக கஷ்டப்படும், அதே கிளாஸ் கொழும்புல லேசா உருகும். உங்க சிடி 10 பத்தாம போனதுல குளிருக்கும் பங்கு இருக்கும். நுவரெலியா ரூம்ல முழுசா உருகுற திரிய பாத்து எடுத்தீங்கன்னா கொழும்புல அது கூடிப்போகும். ரெண்டு திரிக்கு நடுவுல சந்தேகம் வந்தா சின்னதையே எடுங்க, ஓரத்துல கொஞ்சம் மெழுகு மிஞ்சினா யாருக்கும் ஒண்டும் ஆகாது, கிளாஸ் கூடச் சுட்டா ஆபத்து. கொழும்புல சொந்தக்காரங்க இருந்தா ஒரு செட் குடுத்து அடி வரைக்கும் எரிச்சு பாக்கச் சொல்லுங்க. திரிய அடியில புடிச்சு நிக்க வைக்கிற சின்னத் தகடு இருக்குல்ல, அதுல கழுத்து உயரமா இருக்கிறத வாங்குங்க, அது இருந்தா மெழுகு முடியுறப்போ சுடர் அடி வரைக்கும் போகாம அணைஞ்சிடும். லேபல்லயும் அடியில 12 மில்லிமீட்டர் மிஞ்சினா நிப்பாட்டச் சொல்லி போடுங்க.

பதுளை_கைவேலை:

இடையில கேக்கிறேன், மன்னிக்கணும். சிரட்டையில ஊத்தினா இதே திரிதானா? டூரிஸ்ட் ஆக்கள் சிரட்டைன்னா விரும்பி வாங்குறாங்க.

கண்டி_கெமிஸ்ட்ரி_டீச்சர்:

சிரட்டையில ரெண்டு பிரச்சினை. மேல வாய் 10 சென்டிமீட்டர்னா கீழ போகப்போக ஒடுங்குது, மேல வாய்க்கு சரியான திரி பாதிக்கு கீழ ரொம்ப பெருசாகிடும். பெரிய பிரச்சினை, சிரட்டையே எரியும், நாங்க அடுப்புக்கு போடுற சாமான் அது. கண் இருக்கிற பக்கம் மெழுகு கசிஞ்சா சிரட்டையே திரியா மாறிடும். விக்கிறதுக்கு நான் வேணாம்னுதான் சொல்லுவேன். சிரட்டை கட்டாயம் வேணும்னா உள்ள ஒரு சின்ன தகர டின் வச்சு அதுல ஊத்துங்க, திரிய டின்னோட உள்விட்டத்துக்கு எடுங்க, சிரட்டை வெளியலங்காரத்துக்கு மட்டும், அதுவும் டின் வாய் சிரட்டை விளிம்ப விட கொஞ்சம் மேல நிக்கணும். ஊத்தி முடிச்சதும் அதையும் அடி வரைக்கும் எரிச்சு, வெளிய சிரட்டை எவ்வளவு சுடுதுன்னு தொட்டுப் பாத்துட்டு எழுதுங்க, பாத்து சொல்றேன்.