பைரேட் (கடற்கொள்ளையர்) என்ற சொல் உங்களுக்கு எங்கே உறைத்தது?

தூத்துக்குடி, கப்பல் பொறியாளர்:

2011, சோமாலியாவுக்கும் ஏமனுக்கும் நடுவே உள்ள ஏடன் வளைகுடா. முழுச் சரக்கோடு மணிக்கு 12 கடல் மைல் (நாட்) வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். பாரம் ஏற்றிய கப்பல் தண்ணீரில் நன்றாகத் தாழ்ந்து கிடக்கும். சின்னப் படகில் வந்து ஏணி போட்டாலே ஏறிவிடலாம். அதனால் சுற்றிலும் ரேசர் வயர் கட்டி, தீயணைப்பு ஹோஸ்களை இரு பக்கமும் பொருத்தி, பாய்லர் சூட் என்ற வேலை உடைக்குள் கந்தல் துணி அடைத்து ஆள்போல நிறுத்தியிருந்தோம்.

மறுநாள் காலை ஸ்பீக்கரில் கேப்டன் குரல்: "பைரேட்ஸ், பைரேட்ஸ்." சுக்கானைத் திருப்பும் இயந்திரம் இருக்கும் ஸ்டியரிங் கியர் அறைக்கு ஓடிப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டோம். ஒன்றரை மணி நேரம். கப்பல் இடமும் வலமுமாகத் திரும்பும்போதெல்லாம் சமையல்காரர் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். கடைசியில் ஒரு போர்க்கப்பலின் ஹெலிகாப்டர் வந்ததும் படகுகள் விலகிவிட்டன.

சோமாலியக் கடற்கொள்ளையர்கள் தங்களைக் கடலோரக் காவலர் என்று சொல்லிக்கொண்டதைப் பிறகு படித்தேன். 1991இல் அரசு கவிழ்ந்தபின் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்கள் சோமாலியக் கடலை அள்ளிக்கொண்டு போனது உண்மைதான். ஆனால் சம்பளத்துக்கு வந்தவர்களை மாதக்கணக்கில் பிணையாக வைத்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் மகனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. பைரேட் வேடம்தான் வேண்டும் என்றான். கண்பட்டையை என்னால் கட்டிவிட முடியவில்லை, அவன் அம்மாதான் கட்டினாள்.

சென்னை, டெக் ஆபீசர்:

அண்ணா, எங்களுக்கு நடந்ததைப் பைரசி என்று எழுதக்கூட முடியவில்லை. சிங்கப்பூர் நீரிணையில் நடுராத்திரி மூன்று பேர் ஏறி, இன்ஜின் அறைக்குள் புகுந்து, அங்கே வேலை செய்யும் ஆயிலர் கழுத்தில் கத்தி வைத்து ஸ்பேர் பார்ட்ஸை எடுத்துப் போனார்கள். ரிப்போர்ட்டில் நான் 'பைரசி' என்று எழுதியதைக் கேப்டன் அடித்துவிட்டு 'ஆர்ம்ட் ராபரி' (ஆயுதக் கொள்ளை) என்று மாற்றினார்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 101ஆம் பிரிவு. எந்த நாட்டின் ஆட்சி எல்லைக்கும் வெளியே, சொந்த நோக்கத்துக்காக, ஒரு கப்பலில் வந்தவர்கள் இன்னொரு கப்பலைத் தாக்கினால்தான் பைரசி. அப்படியென்றால் எந்த நாட்டுக் கடற்படையும் அவர்களைப் பிடிக்கலாம். கரையோர நாட்டின் 12 கடல் மைலுக்குள் நடந்தால் அந்த நாடுதான் பார்க்க வேண்டும். எங்களுக்கு நடந்தது அந்த எல்லைக்குள்தான். அன்று முதல் அந்த ஆயிலர் இரவு வாட்ச் வேலை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கோவை, வரலாற்று ஆசிரியை:

எனக்கு உறைத்த இடம் கேரளத்தில், வடகரைக்குப் பக்கத்தில் இரிங்கல். அங்கே குஞ்ஞாலி மரக்கார் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தில் படித்த ஞாபகத்தில் "பைரேட்ஸ்தானே?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. "எங்கள் கடலுக்குக் காவல் நின்றவர்கள் மோளே" என்றார்.

அவர் சொன்னது சரி. தாங்கள் கொடுக்கும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஓடும் கப்பல்களைப் பிடித்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். அதை எதிர்த்து நின்றவர்கள் கோழிக்கோட்டு மன்னரான சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான மரக்கார்கள். அவர்களைப் பைரேட் என்று எழுதிவைத்தவர்களும் போர்ச்சுகீசியர்களே. அந்தத் தலைவர்களில் நான்காம் குஞ்ஞாலி மரக்காரை 1600இல் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். ஸ்பானியக் கப்பல்களைக் கொள்ளையடித்த பிரான்சிஸ் டிரேக்குக்கோ 1581இல் இங்கிலாந்தில் 'சர்' பட்டமே கிடைத்தது. இப்போது வகுப்பில் அந்தச் சொல் வந்தால், அதை எழுதியவர் யார் என்று பிள்ளைகளிடம் முதலில் கேட்கிறேன்.

மதுரை, மொழிபெயர்ப்பாளர்:

அனுமதியில்லாமல் நகலெடுத்த படத்தைப் பைரேட்டட் என்று எழுதி வந்தால் நான் 'திருட்டு' என்றுதான் போடுவேன். திருட்டு விசிடி என்று சொல்லிப் பழகிய ஊர் இது. கடலை அதற்குள் யாரும் இழுத்ததில்லை.

தூத்துக்குடி, கப்பல் பொறியாளர்:

டீச்சர், பள்ளி விடுமுறையில் மகனை இரிங்கலுக்குக் கூட்டிப் போகிறேன். சென்னைத் தம்பி, அந்த ஆயிலர் மறுபடியும் கப்பல் ஏறினாரா?